10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்குப் பெல்லட் தேர்ந்தெடுத்தல்

போட்டிக்கான காற்றுத் துப்பாக்கியில் பெல்லட்டை உந்தும் காற்றின் அளவைத் தொழிற்சாலையே அமைத்து அனுப்புகிறது. குழலின் நீளமும் அதன் உட்புறச் சுழல்வரிகளும் துப்பாக்கி வாங்கிய நாளிலேயே முடிவாகிவிட்டவை. அதன்பின் துப்பாக்கியின் துல்லியத்தைக் கூட்டுவதற்குச் சுடுபவர் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் பெல்லட் தேர்வுதான். ஒரு குழலில் ஒரே துளையாக விழும் பெல்லட், அதே நிறுவனம் அடுத்ததாகச் செய்த குழலில் சிதறலாம். எந்தப் பெல்லட் நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. இந்தத் துப்பாக்கிக்கு எது நல்லது என்பதை மட்டுமே சோதித்துச் சொல்ல முடியும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் வெடிமருந்துத் துப்பாக்கி சுடுவோர் உறை, வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கித் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கின்றனர். குறுங்குழல் துப்பாக்கி வைத்திருப்போர் குழலுக்கு ஏற்றபடி குண்டின் எடையையும் மருந்தையும் சேர்த்தே மாற்றுகின்றனர். மலேசியாவில் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரத்தில் குறிசுடுதலைப் பழகுவோருக்கு, குழலுக்கேற்ற குண்டைத் தேடும் வேலை பெரும்பாலும் 4.5 மி.மீ. பெல்லட்டோடு நின்றுவிடுகிறது.

சட்டத்தின் எல்லை

மலேசியச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே கணக்கில் எடுக்கிறது. அதற்கான பெல்லட்டும் தோட்டா வகையில் சேரும். வைத்திருப்பது, வாங்குவது, வெளிநாட்டிலிருந்து தருவிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் காவல்துறையின் உரிமமோ அனுமதியோ தேவை. இணையக் கடையில் பதிவுசெய்து தபாலில் ஒரு டின் பெல்லட் வரவழைப்பதுகூடச் சிக்கலில் முடியும். புதிதாகப் பழகுவோர் மன்றம் அல்லது சங்கம் வழியாகத் தொடங்குவதே முறை. சிலாங்கூரின் சுபாங்கில் உள்ள தேசியத் துப்பாக்கி சுடும் அரங்கம் இந்த வட்டாரத்தின் முதன்மை இடம். 2017 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் குறிசுடும் ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன. கீழே சொல்லப்படும் சோதனைகள் யாவும் இத்தகைய அனுமதி பெற்ற அரங்கில், அரங்க அதிகாரியின் பார்வையில் செய்ய வேண்டியவை.

எவ்வளவு துல்லியம் தேவை

10 மீட்டர் ரைபிள் குறிப்பலகையில் பத்தாம் வட்டம் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. வட்டங்களின் இடைவெளி 2.5 மி.மீ. மொத்தக் குறியின் விட்டம் 45.5 மி.மீ. மின்னணுக் குறிப்பலகையில் பத்துக்கு மேல் 10.9 வரை தசமப் புள்ளிகள் உண்டு. பெல்லட்டின் மையம் குறியின் நடுவிலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகும்போதும் 0.1 புள்ளி போகிறது. 2.5 மி.மீ. விலகினால் 10.0.

இந்தக் கணக்கு பெல்லட் தேர்வின் மதிப்பைக் காட்டிவிடும். துப்பாக்கியை அசையாமல் பிணைத்து ஐந்து முறை சுடும்போது உண்டாகும் துளையின் வெளிவிட்டம் 5.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து பெல்லட்டின் 4.5 மி.மீ. விட்டத்தைக் கழித்தால், மையங்களுக்கிடையே மிக அதிகமான இடைவெளி 1.0 மி.மீ. நடுவிலிருந்து விலகல் ஏறத்தாழ 0.5 மி.மீ. இங்கே பிழையின்றிச் சுட்ட குண்டு மிக மோசமாக விழுந்தாலும் 10.8 கிடைக்கும். துளையின் வெளிவிட்டம் 7.5 மி.மீ. என்றால் இடைவெளி 3.0 மி.மீ., விலகல் 1.5 மி.மீ. அப்போது கையும் கண்ணும் தவறே செய்யாத குண்டும் 10.4 ஆகக்கூடும். தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். ஒரு குண்டுக்குச் சராசரியாக 0.1 இழந்தாலே மொத்தத்தில் 6 புள்ளி போய்விடும்.

உயர்மட்டப் போட்டிகளில் இந்த அளவு பெரியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஆண்கள் 10 மீட்டர் ரைபிளில் ருமேனியாவின் மோல்டோவேயானு 702.1 புள்ளிகளில் தங்கம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நரங் 701.1 புள்ளிகளில் வெண்கலம் பெற்றார். 70 குண்டுகளுக்குப் பிறகு முதலிடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு புள்ளி.

பெல்லட்டின் உறுப்புகள்

போட்டிப் பெல்லட் டயபொலோ வடிவம் கொண்டது. அதன் மூன்று பகுதிகளும் மூன்று வேலைகளைச் செய்கின்றன.

*தலை.* தட்டையான முகம் காகிதத்தில் சுத்தமான வட்டத் துளையை வெட்டும். தலையின் விளிம்பு குழலின் சுழல்வரிகளில் உரசி நேராகச் செல்கிறது. பெல்லட் குழலுக்குள் மையமாக நிற்பது இந்த விளிம்பின் விட்டத்தைப் பொறுத்தது.

*இடுப்பு.* ஒடுங்கிய நடுப்பகுதி. எடையை முன்பக்கமாக வைத்து, குழலோடு தொடும் பரப்பையும் குறைக்கிறது.

*பாவாடை.* பின்புறம் உட்குழிந்த மெல்லிய விளிம்பு. காற்று கசியாமல் அடைக்கிறது. பறக்கும்போது காற்றின் இழுவையால் பெல்லட்டை நேராக வைத்திருப்பதும் இதுதான்.

தட்டைத் தலை 10 மீட்டருக்கு மிகப் பொருத்தமானது. 25 மீட்டரையும் தாண்டினால் அது அலையத் தொடங்கும். தொலைவான குறிகளுக்கு உருண்டைத் தலைப் பெல்லட்டைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே. சர்வதேசக் குறிசுடும் சம்மேளனத்தின் விதிப்படி 10 மீட்டர் போட்டியில் பெல்லட் ஈயத்தாலோ வேறு மென்மையான பொருளாலோ ஆனதாகவும் 4.5 மி.மீ.க்கு மிகாததாகவும் இருந்தால் போதும்.

எடையும் குழலின் நீளமும்

போட்டிப் பெல்லட்டுகள் பெரும்பாலும் இரண்டு எடை வகைகளில் வருகின்றன. ரைபிளுக்கானவை ஏறத்தாழ 0.53 கிராம். கைத்துப்பாக்கிக்கானவை 0.45 முதல் 0.49 கிராம் வரை. ஆர்டபிள்யூஎஸ் நிறுவனத்தின் ஆர்10, ஹெச்&என் நிறுவனத்தின் ஃபினாலே மேட்ச் ஆகிய இரண்டும் இவ்வாறு இலகுவாகவும் கனமாகவும் கிடைக்கின்றன. ஜேஎஸ்பி, சீனாவின் சியாங் யுவான் ஆகியவற்றின் ரைபிள் பெல்லட்டுகளும் 0.53 கிராமை ஒட்டியவையே.

இந்தப் பிரிவுக்கு அடிப்படை குழலின் நீளம். போட்டி ரைபிளின் உண்மையான குழல் ஏறத்தாழ 420 மி.மீ. வெளியே நீளமாகத் தெரிவது குறிக்கண்ணுக்கு இடைவெளி தர மாட்டிய வெற்றுக் கூடு. கைத்துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ அதில் பாதி. குறுங்குழலில் காற்று பெல்லட்டைத் தள்ளும் தூரம் குறைவு, ஆகவே கிடைக்கும் ஆற்றலும் குறைவு. அதே ஆற்றலில் இலகுவான பெல்லட் கூடுதல் வேகம் பெறும். குழலை விட்டு விரைவில் வெளியேறுவதால், அந்த நொடிப்பொழுதில் கை அசைந்தாலும் பாதிப்பு குறையும்.

குறுங்குழல் என்றாலே துல்லியம் குறைவு என்று சொல்வது சரியன்று. 10 மீட்டரில் குழல் குறைவதால் இழப்பது வேகமும் குறிபார்க்கும் கோட்டின் நீளமும் மட்டுமே. சுழல்வரி நன்றாக இருந்து, பெல்லட்டும் பொருந்தினால் குறுங்குழலிலும் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். குறுங்குழலுக்கு 0.45, 0.49, 0.53 ஆகிய மூன்று எடைகளையும் சோதிப்பது பயன்தரும். 420 மி.மீ. குழலுக்கு 0.53-இலிருந்து தொடங்குவது போதுமானது.

ஈயமற்ற பெல்லட்டுகள் பெரும்பாலும் வெள்ளீயத்தால் ஆனவை. ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்தினுடையது 7.3. ஆகவே அதே வடிவப் பெல்லட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலகுவாகிவிடும், உலோகமும் கடினமானது. ஈயத்துக்கென்று அமைத்த குழலில் இவற்றைத் தனியே சோதிக்காமல் போட்டிக்கு எடுத்துச் செல்லக்கூடாது.

தலை விட்டம்

டின்னின் மீது 4.48, 4.49, 4.50, 4.51, 4.52 என்று அச்சிட்டிருப்பது தலையின் விட்டம். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஆயினும் தேர்வில் அதிக விளைவு தருவது இந்த எண்ணே. தலை சிறிதானால் பெல்லட் குழலுக்குள் சாய்ந்து நின்று, வெளியேறும்போது அந்தச் சாய்வோடே பறக்கும். பெரிதானால் சுழல்வரிகள் ஈயத்தை அளவுக்கு மீறிச் சிதைக்கும், உராய்வும் கூடி வேகம் மாறிக்கொண்டிருக்கும்.

குழல்களும் நூறில் ஒரு பங்கு மி.மீ. அளவில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஆகவே நண்பருக்கு 4.50 ஒத்துவந்தது என்பது தனக்கும் அதுவே ஒத்துவரும் என்பதற்குச் சான்றாகாது. விரலால் பெல்லட்டை உள்ளே வைக்கும்போது தானாக நழுவி விழுந்தால் தலை சிறியது. நகம் வலிக்கத் தள்ள வேண்டியிருந்தால் பெரியது. இவ்விரண்டு ஓரங்களையும் விரல் காட்டிக்கொடுக்கும். நடுவில் உள்ள மூன்று அளவுகளைப் பிரித்தறியச் சுட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

எடைச் சீர்மையும் வேகமும்

0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் சென்றால் 10 மீட்டரைக் கடக்க 0.059 வினாடி ஆகும். காற்றின் இழுவையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த நேரத்தில் அது 17.0 மி.மீ. கீழிறங்கும். வேகம் 172 மீட்டர் என்றால் 16.6 மி.மீ. இரண்டு மீட்டர் வேக வேறுபாடு குண்டை 0.4 மி.மீ. மேலும் கீழும் நகர்த்துகிறது. தசமப் புள்ளியில் அது 0.1-க்கும் அதிகம்.

எடையும் இதே வழியில் பாதிக்கிறது. ஒரு பெல்லட் 0.53 கிராமும் அடுத்தது 0.54 கிராமும் இருந்தால், ஒரே ஆற்றலில் வேகம் ஏறத்தாழ 1.6 மீட்டர் குறையும். பெல்லட்டை நிறுத்துப் பார்க்க விரும்புவோர் மில்லிகிராம் காட்டும் தராசு வாங்க வேண்டும். நூறில் ஒரு பங்கு கிராம் மட்டும் காட்டும் நகைத் தராசு இதற்கு உதவாது. உயர்தரப் போட்டி டின்களில் எடை ஏற்கெனவே சீராக இருக்கும். அங்கே நிறுத்துப் பார்ப்பதால் கிடைக்கும் பயன், வழிதவறி வந்த ஓரிரண்டைக் களைவதுதான். மலிவான பயிற்சிப் பெல்லட்டை எடைபோட்டுப் பிரித்துப் போட்டித்தரமாக்கப் பார்ப்பது வீண்வேலை. எடை சமமானாலும் தலையும் பாவாடையும் சமமாகிவிடுவதில்லை.

வேகத்தை அளக்கும் குரோனோகிராப் பல மன்றங்களில் இருக்கும். பத்துக் குண்டுகளின் வேகம் இரண்டு மீட்டருக்குள் அடங்காவிட்டால் பெல்லட்டைக் குறைசொல்லும் முன் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையும் காற்றுச் சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

சோதனை முறை

1. குழலைத் துணிப்பஞ்சுத் துண்டுகளால் துடைக்க வேண்டும். துடைத்த குழல் உடனே சீராகச் சுடாது. சோதிக்கப்போகும் பெல்லட்டில் 20 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டு, ஈயப் படலம் நிலைபெறச் செய்ய வேண்டும்.

2. அரங்கு அனுமதித்தால் துப்பாக்கியைப் பிடிகருவியில் (வைஸ்) பிணைக்கலாம். இல்லையேல் மேசையில் மணல் மூட்டைகளின் மேல் வைத்துச் சுடலாம். நின்று சுட்டுப் பெல்லட்டைச் சோதிப்பதில் பயனில்லை. அதில் உடலின் அசைவு பெல்லட்டின் வேறுபாட்டை மறைத்துவிடும்.

3. இரண்டு அல்லது மூன்று நிறுவனங்களின் பெல்லட்டுகளில் 4.49, 4.50, 4.51 ஆகிய தலைகளை எடுத்துக்கொள்வது நல்ல தொடக்கம்.

4. ஒவ்வொரு வகையிலும் பத்துக் குண்டு கொண்ட குரூப் மூன்று சுட வேண்டும். ஒரு வகையை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொன்றிலும் ஒரு குரூப் என்று சுற்றிச்சுற்றி வர வேண்டும். சிலிண்டர் அழுத்தமும் அறை வெப்பமும் மாறினால் எல்லா வகைக்கும் சமமாகவே மாறும். வகை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து குண்டுகள் கணக்கில் சேராதவை.

5. காகிதக் குறியில் வெளிவிட்டத்தை அளந்து 4.5 மி.மீ. கழிக்க வேண்டும். மின்னணுக் குறிப்பலகை ஒவ்வொரு குண்டின் இடத்தையும் எண்ணாகவே தரும். அங்கே குரூப்பின் நடுவிலிருந்து ஒவ்வொரு குண்டின் தூரத்தையும் கூட்டிச் சராசரி எடுப்பது இன்னும் நம்பகமானது.

6. முதல் இரண்டு இடம் பெற்ற வகைகளை வேறொரு நாளில் மீண்டும் 30 குண்டு சுட்டு ஒப்பிட வேண்டும்.

முடிவைப் படிக்கும் விதம்

பல குரூப்புகளில் மிகச் சிறியதைக் காட்டிப் பெருமைப்படுவது குறிசுடுவோரிடையே பரவலான பழக்கம். எந்தப் பெல்லட்டாலும் எப்போதாவது ஒரு சிறிய குரூப் விழும். எதிர்பார்க்க வேண்டியது சராசரியை, அஞ்ச வேண்டியது மிகப்பெரிய குரூப்பை. ஐந்து குண்டுக் குரூப்பில் 0.2 மி.மீ. வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடும். அதைக் கொண்டு ஒரு வகையை வென்றது என்றும் மற்றதைத் தோற்றது என்றும் தீர்மானிக்கலாகாது.

குரூப்பின் வடிவமும் செய்தி சொல்லும். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் சீராக இல்லை. காரணம் அழுத்தமாகவோ பெல்லட் எடையாகவோ இருக்கலாம். பக்கவாட்டில் நீண்டால் துப்பாக்கியின் பிணைப்பு நகர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுற்றிலும் சமமாகச் சிதறினால் தலை விட்டம் பொருந்தவில்லை என்பதே முதல் ஐயம். ஒன்பது குண்டு ஒன்றாக விழுந்து ஒன்று மட்டும் விலகினால் பாவாடை நசுங்கிய பெல்லட் கலந்திருக்கக்கூடும். விலகிய குண்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் ஆசைக்கு இடம்கொடுக்கக்கூடாது. போட்டியில் அதற்கும் புள்ளி போடுவார்கள்.

தொகுதி எண்

ஒரே பெயர், ஒரே எடை, ஒரே தலை அளவு கொண்ட இரண்டு டின்கள் வேறுவிதமாகச் சுடலாம். அச்சு தேய்வதும் ஈயக் கலவை சற்று மாறுவதும் இதற்குக் காரணம். டின்னின் மீதுள்ள தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, தேர்ந்த தொகுதியிலேயே போதிய அளவு வாங்கிவிடுவது உயர்மட்டச் சுடுவோரின் வழக்கம்.

எவ்வளவு போதும் என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு பயிற்சிக்கு 90 குண்டு, வாரம் நான்கு நாள், ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 18,000 குண்டு. 500 கொண்ட டின்னில் 36. இவ்வளவையும் போட்டித்தரத்தில் வாங்கத் தேவையில்லை. அதே எடையுள்ள மலிவான பெல்லட்டைப் பயிற்சிக்கும், தேர்ந்த தொகுதியைப் போட்டிக்கும் போட்டிக்கு முந்தைய இரு வாரத்துக்கும் ஒதுக்கலாம். உரிமத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் வாங்கவோ வீட்டில் சேர்த்துவைக்கவோ கூடாது. கூடுதல் தேவையை மன்றத்தின் வழியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

கையாளுதலும் சேமிப்பும்

ஈயம் மென்மையானது. டின் ஒருமுறை கீழே விழுந்தாலே பல பாவாடைகள் நசுங்கும். பெல்லட்டை உள்ளங்கையில் கொட்டி அள்ளாமல், ஒரு தட்டில் மெல்லச் சரித்து ஒவ்வொன்றாகப் பாவாடையைப் பார்த்து எடுக்க வேண்டும். நுரைப் பலகையில் தனித்தனிக் குழியில் வரும் உயர்தரப் பெல்லட்டுகள் இந்தச் சேதத்தைத் தவிர்க்கின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் திறந்து வைத்த ஈயம் மங்கி, நாளடைவில் வெண்பொடி படியும். மரப் பலகையும் ஒட்டுப்பலகையும் வெளிவிடும் அமில ஆவி இதை விரைவுபடுத்தும். டின்னை இறுக மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு நெகிழிப் பெட்டியில், பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். வெண்பொடி படிந்த பெல்லட்டைத் துடைத்துப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

ஈயம் நஞ்சு. பெல்லட்டை வாயில் கவ்வுவது, சுட்டுக்கொண்டே உண்பது, கை கழுவாமல் குழந்தையைத் தூக்குவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கை கழுவுவது கட்டாயம்.

மறுசோதனை எப்போது

தேர்ந்த பெல்லட் என்றென்றைக்கும் தேர்ந்ததன்று. புதிய தொகுதி தொடங்கும்போதும், ரெகுலேட்டரையோ காற்றடைப்பு வளையங்களையோ மாற்றிய பின்னும், வேகத்தைத் திருத்தி அமைத்த பின்னும், சுடுபவரின் பிழையென்று சொல்ல முடியாதபடி குரூப் விரிந்தபோதும் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, பெல்லட் பெயர், எடை, தலை விட்டம், தொகுதி எண், சராசரி வேகம், மூன்று குரூப்புகளின் அளவு ஆகிய ஏழையும் ஒரே குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த தொகுதி வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும்.